மாப்ளே, கிட்டாரு வாங்கப் போறியாமே!

உங்கம்மா போன் பண்ணுச்சு. "அண்ணே, பய கிட்டாரு கேட்டு அடம் புடிக்கிறான், சரியாச் சாப்புடக்கூட மாட்டேங்குறான்"னு ஒரே பொலம்பல். "நல்லதாப் போச்சு தங்கச்சி, மிச்சமாகுற அரிசிக் காசையும் சேத்துப் போட்டு நல்லதா வாங்கிக் குடுத்துருவோம்"னேன். கோவிச்சுக்கிட்டு வச்சிருச்சு.

நீ செல்லுல அனுப்புன படத்தையும் பாத்தேன் மாப்ளே. நீலக் கலரு. தோளுல ஒரு பக்கம் வெட்டிவிட்ட டிசைனு. விலாவுல ஒயர் சொருக ஓட்டை. கூடவே பை, பெல்ட்டு, ஒரு செட்டுக் கம்பி, நாலு பிக்கு. எல்லாம் சேத்து மூவாயிரத்துச் சொச்சம்னு போட்டுருக்கான். இம்புட்டையும் குடுத்துட்டு கிட்டாரையும் சும்மா சேத்துக் குடுக்குறானே, என்ன தாராள மனசு!

பூட்டு ராவுன கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நீ மொனங்குறது இங்க நல்லாம்பட்டி வரைக்கும் கேக்குது. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஒத்துக்கிறேன். ஆனா திருவிழாவுக்குத் திருவிழா மேடையேறுன இன்னிசைக் குழுக்காரன் அத்தனை பேரும் கம்பி எரையுது, விரலு அறுக்குதுன்னு கிட்டாரத் தூக்கிக்கிட்டு எங்க பட்டறை வாசல்லதான் வந்து நின்னான். மெல்லிசா ராவுறதுக்கு அரம் யாருகிட்ட இருந்துச்சு? வாசிச்சவன் மாலை வாங்கிட்டுப் போனான். எந்த கிட்டாரு எங்க சீக்குப் புடிக்கும்கிறது எனக்குத்தான் தெரியும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. அதுக்குள்ள அலிகார்லேர்ந்து மிஷின்ல அடிச்ச பூட்டு வந்து நம்ம பட்டறைகள்ல பாதிய மூடிருச்சு. பாக்கப் பளபளன்னு இருக்கும், வெலையும் கம்மி. சனங்க மேல இருக்குற மினுக்கத்தப் பாத்துத்தான் வாங்குனாங்க, உள்ள லீவரு எத்தனைன்னு ஒருத்தரும் கேக்கல. நீயும் இப்ப அதே மினுக்கத்துக்குத்தான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற.

எம்புட்டுதான் போடலாம்னு கேப்ப. எட்டாயிரத்துலேர்ந்து பத்து, பதினோராயிரம். அதுக்குக் கீழ நல்லது கெடைக்கிறது அதிர்ஷ்டம். அதுக்கு மேல போடுறது உங்கப்பன் பாக்கெட்டுக்குச் செய்யுற துரோகம். யமஹா எஃப் 310-னு ஒண்ணு இருக்கு. ஊரு ஒலகத்துல கிட்டாரு கத்துக்கிட்டவங்கள்ல பாதிப் பேரு தொடங்குனது அதுலயாத்தான் இருக்கும். பாக்குறதுக்கு ஒரு கவர்ச்சியும் கெடையாது. அதான் அதோட பெரிய குணம். மோட்டார் சைக்கிள் கம்பெனியா கிட்டாரு செய்யுறான்னு சிரிக்காத. அவன் 1887-ல ஆர்மோனியப் பொட்டிய ரிப்பேரு பாத்துத்தான் தொழிலையே ஆரம்பிச்சான், பைக்கு அப்புறம் வந்ததுதான். இப்ப நம்ம சென்னைக்குப் பக்கத்துலயே பாக்டரி போட்டு 2019-லேர்ந்து கிட்டாரு செய்யுறான். கோர்ட், ஃபெண்டர், ஐபனேஸ்னு இன்னும் சில பேரு இருக்கான், அதுகளும் பரவால்ல. கடைக்காரரு 'கிப்சன்'னு வாய்க்குள்ளயே சொன்னா மட்டும் கொஞ்சம் உஷாரா இரு. கிப்சன் அமெரிக்காக்காரன், லட்சத்துல பேசுவான். கிவ்சன் கல்கத்தாக்காரன், ஆயிரத்துல பேசுவான். ரெண்டு பேருக்கும் சொந்தபந்தம் கெடையாது. எந்த வெலைக்கு எவன் வர்றான்னு பொட்டியில எழுதியிருக்குறத எழுத்துக் கூட்டிப் படி.

அடுத்து கடைக்காரரு "தம்பி, இது ரோஸ்வுட்டு"ம்பாரு. அது வேற ஒண்ணுமில்ல, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம். அமெரிக்காவுல மார்ட்டின்னு 1833-லேர்ந்து கிட்டாரு செய்யுற கம்பெனி. பிரேசில் மரம் வரத்து நின்னு போனதும் 1969-ல நம்ம ஈட்டிக்கு மாறிக்கிட்டான். இன்னைக்கும் அவன் பேருபெற்ற டி-28 கிட்டாருக்கு முதுகும் விலாவும் இந்திய ஈட்டிதான். இங்க ஒருத்தன் தன் தோட்டத்துல நிக்கிற ஈட்டியவே ரொம்ப காலம் நெனச்சபடி வெட்ட முடியாம இருந்துச்சு, அதுக்குன்னு தமிழ்நாட்டுல 1994-லயே தனிச் சட்டம் போட்டிருந்தாங்க. மூவாயிர ரூவா கிட்டாருக்கு அந்த மரத்த எவன் குடுப்பான்? சாயம் பூசுன ஏதோ ஒரு கட்டை அது. முதுகுல என்ன மரம்னு நீ இப்பக் கவலைப்படவே வேணாம். சத்தம் பெரும்பாலும் முன்னாடி இருக்குற மேல்பலகையிலதான் பொறக்குது.

அந்த மேல்பலகையிலதான் ஒலகத்துச் சண்டையெல்லாம். ஒரே பலகையா இருந்தா 'சாலிட் டாப்'பு. மெல்லிசு மெல்லிசா ஒட்டுனதுன்னா 'லேமினேட்'டு, நம்ம பாசையில ஒட்டுப்பலகை. நடுவுல இருக்குற வட்ட ஓட்டையோட வெளிம்ப உத்துப் பாரு. மேல ஓடுற மரத்து ரேகை அப்புடியே வெளிம்புலயும் எறங்குனா அது ஒத்தப் பலகை. அடுக்கு அடுக்காத் தெரிஞ்சா ஒட்டுப்பலகை. ஒத்தப் பலகைக்குத்தான் நாதம் ஜாஸ்தி, வாசிக்க வாசிக்க இன்னும் கனியும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா அதுக்கு யமஹாவுல எஃப்ஜி 800 வரைக்கும் போகணும், இருவதாயிரத்தத் தாண்டிரும். அதையும் விடு. நம்ம ஊரு சித்திரை வெயில யோசிச்சுப் பாத்தியா? மரத்துக்கு காத்துல ஈரம் நூத்துக்கு நாப்பத்தஞ்சுலேர்ந்து அம்பத்தஞ்சுக்குள்ள இருந்தா சொகம். திண்டுக்கல் கோடையில ஈரத்த எங்க போயித் தேட? நீ வேற சேக்காளிகளோட மாசத்துக்கு ஒருக்கா கொடைக்கானல் ஓடுற ஆளு. கீழ பொரிஞ்சு கெடந்த மரத்த மூணு மணி நேரத்துல ஏழாயிரம் அடி ஏத்தி மூடுபனியில நனைச்சுக் கொண்டாந்தா ஒத்தப் பலகை சுருங்கி விரிஞ்சு ஒருநாள் வெடிக்கும். ஒட்டுப்பலகை இதையெல்லாம் தாங்கிக்கும். மொத கிட்டாருக்கு, அதுவும் இந்தக் காட்டுல, ஒட்டுப்பலகைதான் என்னோட தீர்ப்பு. இணையத்துல எவனாவது ஏளனம் பண்ணுனா, ஏப்ரல் மாசம் வேடசந்தூருக்கு வந்து பேசச் சொல்லு.

கடைக்குப் போனதும் எடுத்த எடுப்புல மடியில வச்சு வாசிக்குற தோரணை காட்டாத. உனக்கு இன்னும் ஒண்ணும் வாசிக்கத் தெரியாதுன்னு கடைக்காரருக்கு நீ வாசப்படி ஏறையிலேயே தெரிஞ்சு போச்சு. கிட்டாரக் கண்ணுக்கு நேராப் புடிச்சு, கழுத்து நேரா ஓடுதா, முறுக்கியிருக்கான்னு பாரு. வளைஞ்சு கெடக்குறத நிமித்திரலாம், கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது, ஆலன் கீ போட்டுத் திருப்புனா சரியாகும். கிட்டாருலயும் ஒரு சாவி வேலை இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசம் இருக்கே! முறுக்கிக்கிட்டதுக்கு மட்டும் எந்தச் சாவியும் கெடையாது, வச்சுட்டு வந்துரு. அப்புறம் கழுத்தோட ரெண்டு ஓரத்துலயும் உள்ளங்கையத் தடவு. கழுத்துல குறுக்கால பதிச்சிருக்குற பட்டைக்குத்தான் ஃப்ரெட்டுன்னு பேரு. அதோட நுனி கையக் கிழிச்சா, கடைசியாப் பாலிஷ் போட்டவன் சோம்பேறின்னு அர்த்தம். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டுலயும் அமுக்கித் தட்டு. எங்கயாவது எரைஞ்சா கடைக்காரரு "கம்பி புதுசு தம்பி, செட்டாயிரும்"பாரு. "செட்டானதுக்கு அப்புறமே வாங்கிக்கிறேன் அண்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லு. பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரா கம்பிய லேசாத் தொட்டுத் தட்டுனா மணிச் சத்தம் வரும். அதே எடத்துல அமுக்கித் தட்டுனா வர்ற சத்தமும் அதுவும் ஒண்ணா இருக்கணும். ரெண்டும் ஒத்துப்போகலன்னா மேல போகப் போக சுதி வெலகிக்கிட்டே போகும்.

மேல்பலகையில கம்பிகளப் புடிச்சுக்கிட்டு ஒட்டியிருக்குற கட்டைக்கு பிரிட்ஜுன்னு பேரு, அதுக்குப் பின்னாடி ஒரு பஸ் டிக்கெட்டச் சொருகிப் பாரு. உள்ள நொழைஞ்சா பசை விட்டுருச்சு. ஆறு இரும்புக் கம்பியும் சேந்து எழுவது கிலோ அளவுக்கு இழுக்குது மாப்ளே, அந்த இழுப்ப அந்தப் பசைதான் தாங்கி நிக்கிது. வாங்கிட்டு வந்து வெயில்ல நிக்கிற கார்ல பூட்டிட்டு பிரியாணி திங்கப் போயிராத. நீ வர்றதுக்குள்ள அதுவும் வெந்துரும்.

இப்ப என் அரத்துக்கு வர்றேன். புதுசா வாங்குனவன் நூத்துக்கு எம்பது பேரு ரெண்டே மாசத்துல கிட்டாரப் பரண்ல ஏத்துறான்னு நான் கணக்கெடுக்கல, ஆனா ஏத்துறவன் சொல்ற காரணம் ஒண்ணுதான்: "விரலு வலிக்குது". பாதி வலி அவன் விரலால வர்றது, மீதி கம்பி ஒசரத்தால வர்றது. பாக்டரியிலேர்ந்து வர்ற மலிவு கிட்டாருல கம்பி பலகைய விட்டு ஒசக்கவே நிக்கும். தாழ வச்சா எங்கயாவது எரையும், திருப்பி அனுப்பிருவாங்கன்னு அவனுக்குப் பயம். பன்னெண்டாவது ஃப்ரெட்டுல தடிக் கம்பிக்கு அடியில ரெண்டரை மில்லிமீட்டர், சன்னக் கம்பிக்கு ரெண்டு இருந்தாப் போதும். ரெண்டு ஒத்த ரூவாய ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அடியில விடு. லூசா ஆடுச்சுன்னா ஒசரம் ஜாஸ்தி. பிரிட்ஜு மேல ஒரு வெள்ளைப் பட்டை நிக்கும், சேடில்னு பேரு. அத உருவி அடிப்பக்கமா ராவணும். அங்க ரெண்டு மில்லி ராவுனா இங்க ஒரு மில்லி எறங்கும். ஒரேயடியா ராவிட்டு ஒட்ட வைக்க முடியாது, அதான் இந்த வேலைக்கு அவசரக்காரன் ஆகாது. அந்தப் பட்டை பிளாஸ்டிக்கா இருந்தா எலும்புல ஒண்ணு செஞ்சு மாத்தலாம். திண்டுக்கல்லுல எலும்புக்கா பஞ்சம்? பத்தாயிரத்துல ஆயிரத்த இதுக்குன்னு ஒதுக்கு. வேலை தெரிஞ்சவன் கைபட்ட எட்டாயிரத்து கிட்டாரு, கைபடாத பதினஞ்சாயிரத்து கிட்டார விட வாசிக்க எதமா இருக்கும்.

காசு அம்புட்டு இல்லையா? அப்ப ரெண்டாம் கை. காலேஜு முடிச்சு ஹாஸ்டலக் காலி பண்ற நேரமாப் பாத்துப் போ. ஒரு பொண்ணுக்காக வாங்கி, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணப் பத்திரிக்கை அடிச்சதும் தூசி படிஞ்ச கிட்டாரு எத்தனையோ மூலையில சாஞ்சு கெடக்கும். ஒடச்சுப் போடாம வச்சிருக்குறவன் நல்லவன், அவன்கிட்ட வாங்கு. பாதி வெலைக்கு மேல பேசாத, ஆனா அவன் சோகக் கதைய முழுசாக் கேளு, அது வெலையில சேத்தி. நான் சொன்ன சோதனையெல்லாம் இங்க ரெட்டிப்பாப் பண்ணணும், முக்கியமா அந்த பஸ் டிக்கெட்டு.

நைலான் கம்பி போட்டது விரலுக்கு எதமா இருக்குன்னு ஒருத்தன் சொல்லுவான். வாஸ்தவந்தான். அது கிளாசிக்கல் கிட்டாரு, கழுத்து அகலமா இருக்கும். பண்ணைப்புரத்துலேர்ந்து போன இளையராஜா லண்டன் டிரினிட்டி காலேஜு பரீட்சையில தங்கப் பதக்கம் வாங்குனது அந்த கிளாசிக்கல் கிட்டாருலதான். ஆனா நீ ஆசப்படுறது நாலு கார்டப் புடிச்சுப் பாட்டுப் பாட. அதுக்கு இரும்புக் கம்பிதான் சரி, பத்து கேஜுலேர்ந்து ஆரம்பிக்கிற மெல்லிசு செட்டாக் கேட்டு வாங்கு. நைலான் கிட்டாருல மட்டும் இரும்புக் கம்பியப் போட்டுறாத, பிரிட்ஜு பேத்துக்கிட்டு மூஞ்சிக்கு வரும்.

ஆக, நீலக் கலரு வேணாம், ஒயர் ஓட்டை வேணாம். மேடையேறி நீ பிளக்க இன்னும் காலம் கெடக்கு. கலரு பூசாத, சாதா யமஹா ஒண்ண எடு. ஞாயித்துக்கெழமை நம்ம வீட்டுக்குக் கொண்டா, சேடில நானே ராவித் தர்றேன். கூலி வேணாம், தாய்மாமன் கிட்ட என்ன கூலி! வரும்போது சீரகச் சம்பா மட்டன் பிரியாணி ரெண்டு பொட்டலம். உனக்கு வேணும்னா மூணா வாங்கிக்க.