செத்தவன் நூறு எண்ணணும்

எங்கள் குடியிருப்பில் லிஃப்டுக்குப் பக்கத்தில் போன வாரம் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். பொம்மைத் துப்பாக்கிகள் பிஞ்சு மனங்களில் வன்முறையை விதைக்கின்றனவாம். ஆகவே வளாகத்துக்குள் இன்று முதல் தடை, மீறினால் பறிமுதல். அடியில் சங்கச் செயலாளரின் பச்சை மைக் கையெழுத்து. பணி ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் பச்சை மையை மட்டும் அவர் ஓய்வு பெற விடவில்லை.

பறிமுதலும் அன்று சாயங்காலமே நடந்தது. மூன்றாவது மாடியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற பொடியன், ஜெல் உருண்டை போட்டுச் சுடுகிற துப்பாக்கி ஒன்றோடு இறங்கி வந்தான். சிவப்பு விளக்கு எரிய, ‘ஃபயர், ஃபயர்’ என்று தானே கத்திக்கொள்கிற சாமான். அவன் உயரத்தில் முக்கால் பங்கு இருக்கும். செயலாளர் குனிந்து, “தப்பு கண்ணா, துப்பாக்கியெல்லாம் நல்ல பிள்ளைங்க தொடக் கூடாது” என்று வாங்கிக்கொண்டார். “மாமா வாங்கித் தந்தது அங்கிள்” என்று பொடியன் அழுதுகொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. கதாநாயகன் இயந்திரத் துப்பாக்கியோடு நுழையும்போது வருகிற இசைதான் ரிங்டோன். வாட்ஸ்அப் முகப்பிலும் அதே நாயகன், அதே துப்பாக்கி, குறி நம் நெற்றிக்கு.

நானும் ஒருகாலத்தில் ஆயுதம் ஏந்தியவன்தான். தகரத்தில் செய்த தீபாவளித் துப்பாக்கி. நாலு நாள் முன்னால் வாங்கினால் தீபாவளியன்று உயிரோடு இருக்காது. சிவப்புத் தாளில் வரிசையாகப் பொட்டு வைத்த சுருள் கேப்பை உள்ளே மாட்ட வேண்டும். பொட்டும் குதிரையும் ஒரே இடத்தில் சந்திப்பது ஜாதகப் பொருத்தம் மாதிரி, பத்துக்கு ஆறு தட்டிப்போகும். வெறும் தாளில் விழுந்து ‘டக்’ என்னும். மிச்சச் சத்தத்தை நாங்கள் வாயால் ‘டுமீல்’ என்று ஈடுகட்டுவோம். துப்பாக்கி உடைந்த பிறகும் போர் ஓயாது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் கேப்பை வைத்து முறுக்கி மேலே எறிவோம். அதுவும் தொலைந்தால் கருங்கல். வாசற்படியில் வைத்து ஒரே போடு. கட்டைவிரல் கறுத்து, இரண்டு நாளைக்குச் சோற்றிலும் கந்தக வாசனை வரும்.

அந்த ஆட்டத்துக்குச் சட்டம் உண்டு. ‘நீ செத்துட்ட.’ ‘படலைடா, குனிஞ்சிட்டேன்.’ உடனே சாட்சி விசாரணை. கேப்பு தீர்ந்தவன் சுட்டது செல்லாது. ஓடுகிறவனை முதுகில் சுட்டால் அழுகுணி ஆட்டம், சுட்டவனே அவுட். கையைத் தூக்கியவனைச் சுட்டவனை ஒரு வாரத்துக்கு யாரும் ஆட்டையில் சேர்க்க மாட்டார்கள். செத்தவன் அடிபம்பு மேடையில் உட்கார்ந்து நூறு எண்ண வேண்டும். எண்ணி முடித்தால் எழுந்து வரலாம். அறுபதிலிருந்து எண்பதுக்குத் தாவுகிற பிணங்களும் உண்டு, கையும் களவுமாகப் பிடித்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வைப்போம். ஜெனீவாவில் பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து எழுதிய போர் விதிகளில் பாதியை, மூன்றாம் வகுப்பைக்கூடத் தாண்டாத நாங்கள் அடிபம்பு ஓரத்தில் எழுதாமலேயே வைத்திருந்தோம்.

அசல் மாதிரித் துப்பாக்கியைத் தொட்டது திருவிழாவில்தான். பலகை நிறைய பலூன், கையில் ஏர் கன். கடைக்காரர் குழலை மடக்கி ஈயக் குண்டை வைத்துத் தருவார். குழல் இம்மியளவு கோணலாக இருக்கும். சிவப்பைக் குறி பார்த்தால் பச்சை வெடிக்கும். “நீ குறி வெச்சதுதான் தம்பி வெடிச்சுது” என்பார் அவர் அமைதியாக. பின்னாளில் ஓட்டுப் போட ஆரம்பித்தபோது எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

இந்த ஏர் கன்னுக்கு இந்தியச் சட்டம் தாராளம். 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், விசை 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். குருவிக்கு அந்த விசையே தாராளம். அருணாசலப் பிரதேசத்தில் பறவைகள் அருகிப்போவதைப் பார்த்து, 2021 மார்ச்சில் லும்டுங் என்ற ஊரில் தொடங்கி, ஊர் ஊராக ஜனங்கள் தங்கள் ஏர் கன்களை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்தன. கவனியுங்கள், பெரியவர்கள் தங்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். நம் பெரியவர்கள் இரண்டாம் வகுப்புப் பொடியனிடமிருந்து பிடுங்குவார்கள்.

என் சின்ன வயதில் நாங்கள் துப்பாக்கி விளையாட, பெரியவர்கள் வேறு வேலை பார்த்தார்கள். இப்போது விளையாட்டை அவர்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கிற வேலை.

2022-ல் ‘விக்ரம்’ வந்தது. அதில் கமல்ஹாசனின் பேரன் கைக்குழந்தை. உரத்த சத்தம் கேட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. ஆகவே தாத்தா அந்தக் குழந்தையின் காதைக் காப்பாற்ற என்னென்னவோ செய்கிறார், அப்படியே ஊரையும் சுட்டுத் தள்ளுகிறார். எனக்கு முந்தின வரிசையில், அப்பா மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, முகத்தை அவர் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு இருந்தது. அவர் கையை விலக்கி விலக்கித் திரையைக் காட்டினார். “பாருடா செல்லம், மாஸ் சீன்.” திரைக்குள் இருக்கிற குழந்தையின் காதுக்கு உலகநாயகன் காவல். அரங்கத்துக்குள் இருக்கிறதுக்குக் காவலாக ‘யு/ஏ’ சான்றிதழ்.

2025-ல் ‘கூலி’க்கு ‘ஏ’ கொடுத்துவிட்டார்கள், வன்முறை அதிகம் என்று. தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது, பிள்ளைகளும் பார்க்கும்படி ‘யு/ஏ’ வேண்டுமென்று. குழந்தைகளின் உரிமைக்காக இவ்வளவு வேகமாக யாரும் நீதிமன்றப் படி ஏறி நான் பார்த்ததில்லை. மனு தள்ளுபடியானது. நீதிமன்றத்துக்கு ரசனை போதாது.

வாரிசுரிமையும் இப்போது துப்பாக்கி வழியாகத்தான். 2024-ல் ‘கோட்’ படத்தில் விஜய் துப்பாக்கியை சிவகார்த்திகேயன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாடே பட்டாபிஷேகம் பார்த்த மாதிரி எழுந்து நின்று கத்தியது. சோழர்கள் மணிமுடி கொடுத்தார்கள், ஆதீனங்கள் செங்கோல் கொடுத்தார்கள், நாம் கைத்துப்பாக்கிக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். முன்பு கணக்கே வேறு. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. கட்டுப் போட்ட அவர் படம் சுவரொட்டியாக ஊர் சுற்றியது, மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். அந்தக் காலத்தில் குண்டு வாங்கியவருக்கு ஓட்டு விழுந்தது.

செல்போன் ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள், தேசப் பாதுகாப்புக்கு. அடுத்த வருஷம் வேறு பெயரில், ரத்தத்தைப் பச்சை நிறமாக்கி, அதுவே திரும்பி வந்தது. தேசம் பத்திரமாகிவிட்டது.

இதெல்லாம் போகட்டும், சினிமா, பொழுதுபோக்கு. வெறும் கதை என்பார்கள். அசல் கதைக்கு வருகிறேன். வருஷத்துக்கு நாலைந்து தடவை காலைப் பேப்பரில் படிக்கிறோமே, போலீஸ் சொல்கிற அந்தக் கதை. விடிகாலை நேரம். ஆயுதத்தைப் பதுக்கிய இடத்தைக் காட்டுவதாகச் சொன்னவரை அழைத்துச் சென்றோம். திடீரென்று மறைத்து வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை எடுத்தார். காவலர் ஒருவருக்குக் கையில் சிராய்ப்பு. தற்காப்புக்காகச் சுட்டோம். எங்கள் தெருக் கிட்டு இதே கதையை மூன்றாவது தடவை சொல்லியிருந்தால் அடிபம்பு மேடையை விட்டே விரட்டியிருப்போம். சுடப்படாத பாக்கியசாலிகள் கழிவறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு புகைப்படத்துக்கு நிற்கிறார்கள். இத்தனை கையை முறித்த அந்தத் தரையைப் போட்ட கொத்தனார் மட்டும் இன்னும் தலைமறைவு.

2019 டிசம்பர் 6, ஹைதராபாத். பெண் மருத்துவர் ஒருவரை வன்புணர்ந்து கொன்றதாகக் கைதான நால்வரைப் போலீஸ் விடிகாலையில் சுட்டுக் கொன்றது. குற்றம் ரத்தம் கொதிக்க வைப்பது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜனங்கள் போலீஸார் மேல் பூவைக் கொட்டினார்கள், பட்டாசு வெடித்தார்கள். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் வரிசையாகப் பதினோரு கும்பிடு போட்டார், எண்ணிப் பார்த்தேன். 2022-ல், உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, சாகடிக்க வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்றது. நால்வரில் மூவர் சம்பவத்தின்போது பதினெட்டு நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அன்று குழுவில் கும்பிடு எதுவும் வரவில்லை. பிஞ்சு மனம் பற்றிய சுற்றறிக்கையும் வரவில்லை.

2018-க்கு வாருங்கள். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 6. உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் அளந்து கொடுக்க, தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பங்கு போட்டது. நேரம் தவறி வெடித்தவர்கள் மேல் ஊர் ஊராக வழக்கு. 8 மணி 5 நிமிஷத்துக்குச் சரம் வெடித்தவனின் கையை எட்டிப் பிடித்த அதே காவல் துறையின் துப்பாக்கிக்கு, அதே வருஷம் மே 22 அன்று தூத்துக்குடியில் எந்த நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நூறாவது நாள் போராட்டம். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதில் பதினேழு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி. மஞ்சள் பனியனோடு வேனின் கூரையில் ஏறி நின்று குறி பார்த்த காவலரை நாடே பார்த்தது. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. மாமாங்கத்துக்கும் மறக்க முடியாத வாக்குமூலம். நாங்களும் அப்படித்தான் ஐயா தெரிந்துகொண்டோம், ஆனால் போலீஸ் எங்கள் துறை இல்லை.

அது உண்மையில்லை, அவருக்கு உடனுக்குடன் தகவல் போய்க்கொண்டுதான் இருந்தது என்று அந்தச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது. மறைவாக நின்று சுட்டார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்றது. ஓடுகிறவனை முதுகில் சுட்டால் அழுகுணி ஆட்டம். மூக்கொழுகிக்கொண்டு நாங்கள் கடைப்பிடித்த விதி. 17 போலீஸார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்ன அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. அந்தப் பதின்மூன்று உயிருக்காக நீதிமன்றத்தில் தண்டனை வாங்கியவர் என்று கைகாட்ட இன்றுவரை ஆள் இல்லை. நேரம் தவறிக் கம்பி மத்தாப்புக் கொளுத்தியிருந்தால் கிடைத்திருப்பார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. 2021 டிசம்பர் 30. பக்கத்தில் பசுமலைப்பட்டியில் போலீஸ் துப்பாக்கிச் சுடுதளம். மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் அன்று அங்கே பயிற்சி எடுத்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில், தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் குண்டு வந்து தங்கியது. அவன் எந்தச் சுற்றறிக்கையையும் மீறவில்லை. யாரையும் நோக்கி டுமீல் என்று சொல்லவில்லை. பலூன் கடைக்காரரின் கோணல் குழலில் போன குண்டாவது பலகைக்குள் நின்றது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் ஜனவரி 3 வரை அந்தப் பிள்ளை கிடந்தான். நூறு என்ன, ஆயிரம் எண்ணியிருப்பாள் பெற்றவள். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து பத்து லட்சம் அறிவித்தார்கள். குறி தவறிவிட்டது என்பதற்கு அரசாங்கக் கணக்கில் அதுதான் விலைப்பட்டியல்.

போன ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புப் பணம் கட்ட சங்க அலுவலகத்துக்குப் போனேன். பறிமுதல் செய்த துப்பாக்கி மேஜை டிராயரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைத் திரும்ப வாங்கப் பொடியனின் அம்மாவும் கூடவே வந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. செயலாளர் தனியாக இருந்தார். காலெண்டரில் சிரித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு தலைவரைப் பார்த்து, ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியைப் பல்லால் கடித்தபடி, விளக்கு எரிகிற அந்தத் துப்பாக்கியைப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் டிராயருக்குள் போட்டுச் சட்டென்று சாத்தினார். உள்ளிருந்து அது இன்னும் கொஞ்ச நேரம் ‘ஃபயர், ஃபயர்’ என்று கத்திக்கொண்டிருந்தது.

“வேலை செய்யுதான்னு பாத்தேம்மா” என்றார்.