களியக்காவிளை தாண்டிய பைக்

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து வேலைக்காகப் பாறசாலைக்குக் குடிவந்திருக்கிறேன். டி.என்.75 எண் கொண்ட என் 100 சிசி பைக்கை இங்கே ஓட்டலாமா? கேரள எண்ணுக்கு மாற்றியே தீர வேண்டுமா?
– ஒரு வாசகர், பாறசாலை

பதில்: தாராளமாக ஓட்டுங்கள்! எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் கடைப் பலகையில் எழுத்துதான் மாறும். உங்கள் ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும் இந்தியா முழுக்கச் செல்லும்.

ஆனால், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு ஒரு கெடு வைத்திருக்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில எண் வாங்க வேண்டும். அதுவரை உங்கள் பைக் விருந்தாளி. அப்புறம் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டிய உறவு!

முதலில் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28-ம் படிவம் கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்குங்கள். வண்டிக்கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் தேவை. பிறகு பாறசாலை அலுவலகத்தில் கேரள வரியைக் கட்டினால் கே.எல்.19 கிடைக்கும். நெய்யாற்றின்கரையில் குடியிருப்பவருக்கு கே.எல்.20.

1956 நவம்பர் 1-ல் மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்த பிறகும் சந்தையும் சம்பந்தமும் இரு பக்கமும் தொடர்கின்றன. அதனால், தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வந்து, இரவில் மார்த்தாண்டம் வீட்டுக்கே வண்டியோடு திரும்புகிறவர் எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

இரு மாநிலத்துக்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு: பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். புது எண் வாங்குவதற்கு முன்னால் இரண்டாவது ஹெல்மெட்டை வாங்கிவிடுங்கள்!