நேரம் இருந்தால், உறுமி மேளம்

வாங்க தம்பிங்களா, உட்காருங்க. பசியாறிட்டீங்களா? நல்லவேளை, வீட்டுல ரொட்டி ஒண்ணுதான் இருக்கு. கையில என்ன சுருட்டி வச்சிருக்கீங்க, பேனரா? விரிங்க பார்ப்போம்.

'வின்டர் நைட்.' சபாஷ். எழுத்து மேல வெள்ளை வெள்ளையா தெரியுதே, அது பனியா? யாரோ தலகாணியைக் கிழிச்சிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்! சுங்கை பட்டாணியில ராத்திரி எட்டு மணிக்கும் சட்டை முதுகோட ஒட்டிக் கிடக்குது. ஜெராய் மலை 1,200 மீட்டருக்கு மேல. அந்த உச்சியில ஏறி நின்னாலும் மேகம்தான் மூஞ்சியில அடிக்கும், பனி கொட்டாது.

கோவிச்சுக்காதீங்க. கெடாவுலயும் ஒரு வின்டர் உண்டு. பிப்ரவரி, மார்ச்சுல கித்தா மரம் இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும் பாருங்க, அதுக்கு வெள்ளைக்காரத் துரைங்க வச்ச பேரே 'வின்டரிங்'தான். அந்த மாசத்துல மங்கு நெறையாது. பால் கொறைஞ்சா சம்பளம் கொறையும், மளிகைக் கடையில கடன் புத்தகம் மட்டும் கொழுக்கும். மரமே ஒண்ணுமில்லாம நிக்கிற மாசமாப் பாத்து மனுசன்கிட்ட டிக்கெட் விக்க வந்திருக்கீங்க. என்ன, இப்ப எங்க பக்கம் எல்லாம் செம்பனையாச்சு, நீங்களும் கூலிம் ஹைடெக் பார்க்குல ஷிஃப்டுக்குப் போறீங்க. இலை கொட்டினா உங்களுக்கென்ன, கொட்டலைன்னா என்ன!

பள்ளிக்கூடக் கூரைக்கு நிதியா? நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். தோட்டத்து மண்ணுல நிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் வாத்தியார் சம்பளத்தைக் குடுக்குது. கூரை ஒழுகினா பெரும்பாலும் பள்ளி வாரியம்தான் வாளியைத் தூக்கிக்கிட்டு அலையணும். எங்க காலத்துலயும் அதே ஓட்டைதான். தகரம்தான் புதுசு.

நிகழ்ச்சி நிரலைக் குடுங்க. கண்ணாடி எங்க வச்சேன்... ம். குத்துவிளக்கு ஏத்துதல். வரவேற்புரை. தலைமையுரை. டத்தோவுக்குப் பொன்னாடை. டத்தோ உரை. இன்னொரு டத்தோவுக்கு மாலை, அவரும் பேசுவாரு. அதிர்ஷ்டக் குலுக்கல். அப்புறம் சென்னையிலேருந்து விமானத்துல வர்ற பாடகர். கடைசி வரியில பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு? 'உள்ளூர்க் கலைஞர்களின் உறுமி மேளம் (நேரம் இருந்தால்).'

யாரு தம்பி இந்த அடைப்புக்குறியைப் போட்டது? கெட்டிக்காரப் பையன், அரசியலுக்கு ஆவான்.

போன வருசம் இதே மாதிரி ஒரு தர்மக் கச்சேரிக்குப் போனேன். எந்த மண்டபம்னு கேக்காதீங்க. உள்ள பேச்சு தாங்கல, பின்பக்கம் வந்து நின்னேன். மேளக்காரப் பசங்க அங்கதான் இருந்தாங்க. ஈரக்காத்துல தப்புத் தோல் தொளதொளன்னு ஆயிடுச்சு. பழைய பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காட்டிக் காட்டிச் சூடேத்தினாங்க. அதுக்குள்ள வாட்ச்மேன் வாளித் தண்ணியோட ஓடி வந்துட்டாரு, மண்டபத்துக்குத் தீ வைக்கிறாங்கன்னு. பக்கத்துல ஒரு பையன் உறுமியோட இடப்பக்கத்துல வளைஞ்ச குச்சியை வச்சு மெதுவாத் தேய்ச்சான். கன்னுக்குட்டி இருட்டுல தாயைத் தேடுமே, அந்தக் கொரல் வந்துச்சு. எனக்கு முழங்கால்வரைக்கும் சிலிர்த்துப் போச்சு. அவன் ஜிகினாச் சட்டைக்குள்ள கம்பெனிச் சட்டை தெரிஞ்சுது. வேலையிலேருந்து நேரா வந்திருக்கான்.

மேடைக்குக் கூப்பிட்டப்ப மணி பதினொன்னே முக்கால். பன்னெண்டுக்கு மண்டபத்தைப் பூட்டணுமாம். ஒரே ஒரு அடி அடிச்சாங்க, திரையை இழுத்துட்டாங்க. கூலின்னு குடுத்தது ஆளுக்கொரு சோத்துப் பொட்டலம். கோழி முடிஞ்சுபோச்சாம், முட்டைதான்.

அந்தப் பையன் அன்னைக்கு ஒரு ராத்திரி ஓவர்டைம் காசை விட்டுட்டு வந்திருக்கான். இப்பச் சொல்லுங்க, அந்தக் கச்சேரிக்கு நன்கொடை குடுத்தது யாரு? மாலை போட்டுக்கிட்டவரா, முட்டைச் சோறு தின்னவனா? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைச்ச மாதிரி, உறுமிக்காரன் மடியில கையை விட்டுத் தர்மம் பண்ணிட்டு, மேடையில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

சும்மா வாசிக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. பேசின வெள்ளியை முதல்ல அவன் கையில வைங்க. அவனே பார்த்து, 'இது பள்ளிக்கூடத்துக்கு இருக்கட்டும்'னு திருப்பிக் குடுத்தா, அது அவன் தர்மம். அப்ப மைக்கைப் புடிச்சு அவன் பேரைச் சொல்லுங்க, அந்த இன்னொரு டத்தோ பேரைச் சொல்றதுக்கு முன்னாடி.

பெரிய கச்சேரியெல்லாம் எப்படி நடந்துச்சுன்னு என் பேத்தி கைப்பேசியில படிச்சுக் காட்டினா. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க். வங்காளதேசத்து அகதிங்களுக்காக ரவிசங்கர் கேட்டுக்கிட்டு, ஜார்ஜ் ஹாரிசன் கூட்டின கச்சேரி. சித்தாரும் சரோடும் இன்னும் சுருதி சேத்துக்கிட்டு இருக்கு, அதுக்கே சனங்க கை தட்டிட்டாங்களாம். சுருதி சேக்குறதே இவ்வளவு புடிச்சிருந்தா வாசிக்கிறது இன்னும் புடிக்கும்னு ரவிசங்கர் சிரிச்சாராம். அங்க சுருதி சேத்தவங்களுக்குக் கைதட்டல், இங்க வாளித் தண்ணி!

ஆனா அங்கயும் ஒரு கோளாறு. வாசல் வசூல் ரெண்டரை லட்சம் டாலருக்குக் கொஞ்சம் கம்மி, அது ஒழுங்கா யுனிசெஃபுக்குப் போயிடுச்சு. இசைத்தட்டும் படமும் வித்த காசுதான் மாட்டிக்கிச்சு. தர்ம நிறுவனத்தோட முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வைக்காததால வரி இலாகா புடிச்சு வச்சுக்கிச்சு. வருசக்கணக்கா இழுத்துது. ஹாரிசனுக்கே அந்தக் கதின்னா, சட்டைப் பையில டிக்கெட் காசை மடிச்சு வச்சிருக்கிற உங்க பொருளாளருக்கு என்ன கதி? சிரிக்காத தம்பி, உன்னைத்தான் சொல்றேன். வீடு வீடாப் போய் வசூல் பண்ண அனுமதி வேணும்னு இந்த நாட்டுல 1947லயே சட்டம் போட்டாச்சு. போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களா? 'போடணும் தாத்தா'ன்னா, போட்டுட்டு அப்புறம் வாங்க.

இன்னொண்ணு. டப்ளின்ல ஒரு தர்மக் கச்சேரி. நம்ம கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டம் இல்ல, அயர்லாந்துல இருக்கிற டப்ளின். 1742 ஏப்ரல் 13, ஹேண்டல்னு ஒருத்தர் இசையமைச்ச 'மெசையா'வை முதல்தடவையா பாடினாங்க. ஆஸ்பத்திரிங்களுக்கும், கடன்பட்டுச் செயில்ல கிடந்தவங்களுக்கும் நிதி. 142 பேருக்குக் கடனைக் கட்டி வெளிய விட்டாங்களாம். இடம் பத்தாதுன்னு, பொம்பளைங்க வளையம் வச்ச பாவாடை கட்டாம வரணும், ஆம்பளைங்க வாளை வீட்டுல விட்டுட்டு வரணும்னு முன்கூட்டியே விளம்பரம் பண்ணி, எழுநூறு பேரை உட்கார வச்சாங்க. நம்ம ஊருல யாரும் வாள் கொண்டாரது இல்ல. முதல் வரிசையில சோபா இருக்கு! ஒரு சோபா, மூணு நாற்காலி எடத்தைத் தின்னுட்டு ஒரு டத்தோவைத்தான் தாங்குது. அவரும் குத்துவிளக்கு ஏத்தினதும் அடுத்த விழாவுக்குப் போயிடுவாரு. அதைத் தூக்கிட்டு நாற்காலி போடுங்க, ஒரு வரிசை டிக்கெட் கூட விக்கலாம்.

பெரிய பாடகர் வந்தாத்தான் சனம் காசு குடுக்கும்னு சொல்லாதீங்க. தோட்டங்களைத் துண்டு துண்டா வித்துக்கிட்டு இருந்த காலத்துல, 1960ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு. நூறு வெள்ளிப் பங்கு, அதையும் தவணையாக் கட்டலாம். பால் வெட்டின சனங்க கட்டின காசுல 1961ல முதல் தோட்டம் வாங்கினாங்க. எங்கன்னு நெனைக்கிறீங்க? நம்ம கெடாவுல, புக்கிட் சிடிம். எங்கப்பாவும் தவணை கட்டினாரு. ரசீதை டின்பொட்டியில, என் பிறப்புப் பத்திரத்துக்கும் மேல வச்சிருந்தாரு. என்னைத் தொலைச்சாலும் தொலைப்பாரு, அந்தச் சீட்டைத் தொலைக்க மாட்டாரு.

சரி, நேரமாச்சு, நீங்களும் ஷிஃப்டுக்குப் போகணும். எனக்கும் கெழவிக்கும் ரெண்டு டிக்கெட் கிழிங்க. இந்தாங்க வெள்ளி, எண்ணிக்குங்க. சோபாப் பக்கம் வேணாம், மேளக்காரப் பசங்க நிக்கிற எடத்துக்கிட்ட நாற்காலி போடுங்க. அந்த அடைப்புக்குறியை இங்கயே பேனாவால அடிச்சுட்டு, மேளத்தை எட்டரைக்கு வைங்க. அப்புறம், பொருளாளர் தம்பி, எங்க எழுந்து போற? ரசீது.