எழுத்துரு பெரிதாக இருக்கலாம்

1989இல் செனாய் விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வியாழன் மதியம், பாடத்திட்டம் எழுதும் ரெக்கார்டு புத்தகம் தலைமையாசிரியர் மேசைக்குப் போய்விட வேண்டும். மலேசியாவின் ஜொகூரில் அப்போது வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை கையெழுத்தும் முத்திரையுமாகத் திரும்பி வரும். படித்துத்தான் போடுகிறாரா பார்ப்போம் என்று ஒருமுறை, பாடம் எப்படிப் போனது என்று எழுதும் சிந்தனை மீட்சிக் கட்டத்தில் 'வாழைக்காய் இரண்டு கிலோ, தேங்காய் ஒன்று' என்று எழுதி வைத்தேன். அதற்கும் கையெழுத்து விழுந்தது.

படிக்கத்தான் ஆளில்லை, கேட்க ஆளிருந்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்திய மூத்த ஆசிரியர், கேண்டீனில் பாலில்லாத தே ஓவை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, ல, ள, ழ பாடம் நல்லாத்தான் இருந்துச்சு. பிளேன் போனப்ப மட்டுந்தான் நீ நிறுத்துனே. பிள்ளைங்க எப்ப வாயைத் திறக்கிறது?" அன்றிரவே மணிலா அட்டையை வெட்டி வால், வாள், வாழ் என்று எழுதினேன். ஒரு பிள்ளை சொல்ல, இன்னொரு பிள்ளை அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

அந்தத் தே ஓவுக்கு இப்போது பெயர் உண்டு. 2011 வாக்கில் கல்வி அமைச்சு ஜப்பானியரின் 'லெசன் ஸ்டடி'யைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. கூடித் திட்டம் எழுதி, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பின்னால் இருந்து பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும், ஆசிரியரை அல்ல. பிறகு பேசித் திருத்தி, இன்னொரு வகுப்பில் நடத்திப் பார்க்க வேண்டும். முறையில் குறையில்லை. நம்மவர் கையில் படிவம் வந்தால்தான் சிக்கல். 'இரண்டு நட்சத்திரம், ஒரு விருப்பம்' என்று கேட்கும். பீடிகை அருமை, துணைப்பொருள் மிக அருமை. விருப்பம்: எழுத்துரு பெரிதாக இருக்கலாம்.

விடுமுறை 1994இல் சனி ஞாயிறுக்கு மாறி, 2014இல் பழையபடி வெள்ளிக்கு வந்து, 2025இல் மறுபடி சனி ஞாயிறுக்கே போனது. அந்த 2025இல், ஓய்வுக்கு ஓராண்டு இருக்கையில், லெசன் ஸ்டடிக்காக என் வகுப்பில் நால்வர் உட்கார்ந்தார்கள். அதே ல, ள, ழ. அட்டைகள் எப்போதோ தொலைந்துபோய், திரையில் 22 ஸ்லைடு. மூவர் மணியடிக்கும் முன்பே நட்சத்திரம் போட்டு முடித்திருந்தார்கள். புதிதாக வந்த ஆசிரியை மட்டும் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். ஐந்தைந்தாகக் கோடுகள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். 'விளங்குதா?'ன்னு 23 தடவை கேட்டீங்க. கடைசி வரிசையில மூணு பேர் வாயே திறக்கல."

சுருக்கென்றது. மேலே பிளேன் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மணிலா அட்டை இருக்குமா என்று யோசித்தேன்.

"படிவத்துல என்ன எழுதட்டும் சார்?"

"எழுத்துரு பெரிதாக இருக்கலாம்னு போடுங்க, டீச்சர்."