ஒரு கையில் உடும்பு

கே: ஸ்பெயினில் அல்பெனிஸ் என்றொருவர், தானே இசையமைத்துத் தானே பியானோ வாசிப்பாராம். நம்ம புதுக்கோட்டையில் அப்படி யாராவது உண்டா? (ஆலங்குடி வாசகர்)

ப: பியானோவைத் தூக்க நாலு ஆள் வேண்டும். நம்ம ஆள் ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிற வாத்தியமாகப் பார்த்துப் பிடித்தார்: உடும்புத் தோல் கட்டிய கஞ்சிரா. பெயர், மான்பூண்டியா பிள்ளை. விளக்குத் தூக்கும் வேலை பார்த்தவர் என்பார்கள். மாரியப்பத் தவில்காரரிடம் லயம் படித்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கஞ்சிராவைக் கச்சேரி மேடையேற்றி மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவரேதான் அதை உருவாக்கினார் என்போரும் உண்டு. ஏறக்குறைய அதே காலத்தவரான அல்பெனிஸ் (1860–1909) கிதாரின் நாதத்தைப் பியானோவில் கேட்க வைத்தார். இவரோ தவிலின் கணக்கை ஓர் உடும்புத் தோலில் கேட்க வைத்தார். அல்பெனிஸ் பியானோவுக்கு எழுதிய 'அஸ்டூரியாஸ்' இன்று கிதாரில்தான் பிரபலம். வாங்கிய கடன் வட்டியோடு திரும்பிவிட்டது!

கே: ஒரு கையால் தட்டுவதில் என்ன பெரிய வித்தை? (அறந்தாங்கி வாசகி)

ப: மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு கை. இங்கே இருப்பது ஒரே தோல். இடது கை பிடித்துக்கொள்ள, வலது கை மட்டும் அத்தனை சொல்லையும் பேச வேண்டும். பிடித்திருக்கும் கையும் சும்மா இருக்காது. விளிம்போரம் விரலால் அழுத்த அழுத்த, கும்கி என்கிற வளைநாதம் குழைந்து வரும். அடுத்த முறை கச்சேரி தொடங்குமுன் கவனியுங்கள்: டம்ளரிலிருந்து துளித் தண்ணீர் எடுத்துத் தோலின் உட்புறம் தடவி, ஒரு தட்டு, ஒரு காது, மறுபடி துளி, மறுபடி தட்டு. ஈரம் ஏறினால் சுருதி இறங்கும். மேடையில் மின்விசிறி சுற்றினால் பாதிக் கச்சேரியில் தோல் காய்ந்து கீச்சென்று கத்தும். தனி ஆவர்த்தனத்துக்கு வித்வான் பயப்படுகிறாரோ இல்லையோ, மின்விசிறிக்கு நிச்சயம் பயப்படுவார்.

கே: இப்போதும் உடும்புத் தோல்தானா? (கீரனூர் வாசகர்)

ப: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது. ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. பழைய நாதம் வராது என்று வித்வான்கள் பெருமூச்சு விடலாம். உடும்பு நிம்மதியாக மூச்சு விடுகிறது. கஞ்சிராவின் வளையத்துக்குப் பலாமரம். வடகாட்டில் சுளை தின்றுவிட்டு மரத்தை மறந்துவிடாதீர்கள்.

கே: 'புதுக்கோட்டைப் பாணி' என்றால்? (பொன்னமராவதி வாசகர்)

ப: தவில் வாசம் வீசும், கணக்கு கறாராக இருக்கும். மான்பூண்டியாரின் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் புலி. இன்னொரு சீடர் பழனி முத்தையாப் பிள்ளை; அவருடைய மகன்தான் இடதுகை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. கஞ்சிரா வித்வான் ஹரிசங்கரைக் கேட்காதவர்கள் இன்றைக்கே கேட்கலாம். 2024இல் கிராமி வாங்கிய 'சக்தி' குழுவிலும் செல்வகணேஷின் கையில் இருந்தது கஞ்சிராதான்.

கே: குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பாடிக் காட்ட ஆள் உண்டா? (இலுப்பூர் வாசகி)

ப: அது பாட்டே இல்லை, ஏழு பகுதிகளில் சுரக் கோவைகள். வீணைக்காரர்களுக்கான பாடம் என்பார்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டியது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. பாறை இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

கே: கஞ்சிராக்காரரை ஏன் மேடையில் ஓரமாக உட்கார வைக்கிறார்கள்? (திருமயம் வாசகர்)

ப: உபபக்கவாத்தியமாம். சபாவில் பணம் குறைந்தால் முதலில் விடுபடுகிற பெயரும் அதுதான். மான்பூண்டியாரின் புதுக்கோட்டைப் பக்கம் இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்காதீர்கள்.