கண்காட்சிக்குப் போன கைதிகள்

நம்மூர் அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் பித்தளைச் செம்பு தட்டுகிறவர் லண்டன் மாநகருக்குச் சென்று தமது வித்தையைக் காட்டும் பாக்கியம் பெறவேண்டுமெனில், 1886-ஆம் ஆண்டு வழக்கப்படி, முதலில் அவர் சிறைக்குப் போயிருக்க வேண்டும். அவ்வாண்டு சவுத் கென்சிங்டனில் நடந்த காலனிய-இந்தியக் கண்காட்சியில், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் கண்டு வியந்த, பாரத தேசத்துப் பரம்பரைக் கைவினைஞர்கள் என்று பிரசித்தம் செய்யப்பட்ட 34 பேரில் பெரும்பாலோர், ஆக்ரா மத்தியச் சிறையில், டாக்டர் டைலர் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் தொழில் பயின்ற கைதிகளே. விக்டோரியா மகாராணியார் அவர்களிற் சிலரை ருடால்ஃப் ஸ்வோபோடாவைக் கொண்டு சித்திரமாகத் தீட்டுவித்தார். தண்டனைக் காலம் என்னும் அற்ப விவரம் சட்டத்துக்குள் அடங்கவில்லை போலும்.

இப்படி மறைப்பதில் பிரேசில் இன்னும் சாமர்த்தியமானது. 1888 வரை அடிமைமுறையைக் கைவிட மனம் வராத அத்தேசத்தில், மார்க் ஃபெரெஸ் எடுத்த காப்பித் தோட்டப் புகைப்படங்களில் அடிமைகள் கூடையும் கையுமாக வெகு நேர்த்தியாக அணிவகுத்து நிற்கிறார்கள். சவுக்கு மாத்திரம், கேமராவுக்குக் கூச்சப்பட்டு, எங்கோ ஒதுங்கிக்கொண்டது.

நமது பனியன் கம்பெனிகள் அந்நிய வியாபாரிகளுக்கென்று அச்சிடும் வழவழப்பான புத்தகங்களிலும் தையல் மெஷின் முன் ஒரு பெண் புன்னகைக்கிறாள். அவளை நைட் ஷிப்ட் முடியும் வேளையில் படமெடுக்க ஏனோ ஒருவருக்கும் தோன்றுவதில்லை.