கரன்ட் வந்தது, தூக்கம் போனது

2012-இல் ராமநாதபுரத்தில் கரன்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஃபேன் நின்றதும் மூடியை மடக்கிவிடுவேன். ஓரத்து விளக்கு மூச்சு விடுவதுபோல மெல்ல எரிந்து மெல்ல அணையும். ராத்திரி திறந்தால், பாதியில் விட்ட வரியிலேயே கர்சர் நிற்கும்.

அந்தத் தூக்கத்தில் பாதி பயாஸ் போட்ட வழி. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் விட்டு மற்றதை அணைப்பதுதான் எஸ்3. அதற்குள் எப்படி நுழைவது என்பதை எக்ஸ்86 கணினிகளில் பயாஸே ஏ.சி.பி.ஐ. அட்டவணையில் எழுதி வைத்திருக்கும். கெர்னல் அதைப் படித்து நடந்தால் போதும்.

இன்று அதே மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. வீட்டில் முன்போல் கரன்ட் போவதில்லை. இப்போது தூக்கத்துக்காக நான் மல்லுக்கட்டுவது மண்டபம் கரையில், கடல்நீரின் சூட்டைக் குறித்துவைக்கும் கையகல ஏ.ஆர்.எம். போர்டோடு. சின்ன சோலார் தகடு, ஒரு பேட்டரி, அவ்வளவுதான். அளவெடுக்கும் நொடிகள் போக மற்ற நேரமெல்லாம் அது தூங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மூட்டத்தில் பேட்டரி தாங்காது.

கெர்னல் கான்ஃபிக்கில், தூங்கவைக்கும் சஸ்பெண்ட் வசதிக்கு 'ஒய்' போட்டாயிற்று. 'ஆர்ச் சஸ்பெண்ட் பாசிபிள்' என்று அந்தந்த பிராசஸர் வகை ஒப்புக்கொண்டால்தான் அந்த வரியே கண்ணில் படும். 64 பிட் ஏ.ஆர்.எம். ஒப்புக்கொள்கிறது. ஆனால் போர்டில் 'மெம் ஸ்லீப்' கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரே சொல்: எஸ்2ஐடில். எஸ்3 போன்ற ஆழ்ந்த தூக்கமான 'டீப்' இல்லை. எஸ்2ஐடிலில் புரோகிராம்கள் உறையும், சாதனங்கள் ஓயும், பிராசஸர் சும்மா இருக்கும். பேட்டரி மட்டும் கரைந்துகொண்டே போகும். ஆழ்ந்த தூக்கத்துக்கு பி.எஸ்.சி.ஐ. என்ற இடைமுகம் வழியாக ஃபர்ம்வேரிடம்தான் கேட்க வேண்டும். அதற்குத் தெரியாதென்றால் எத்தனை 'ஒய்' போட்டும் பயனில்லை. (புது எக்ஸ்86 லேப்டாப்கள் பலவற்றிலும் இன்று எஸ்3 கிடையாது.)

போர்டு விற்பவர்கள் அட்டைப்பெட்டியில் கோர் எண்ணிக்கையைப் பெரிதாக அச்சடிக்கிறார்கள். ஃபர்ம்வேர் 'டீப்' தருமா என்பதையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். பேட்டரியை நம்பி கடலோரத்தில் வேலை செய்பவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

இப்போதைக்கு போர்டை முழுக்க அணைத்துவிடுகிறேன். ஆர்.டி.சி. என்ற கடிகாரச் சிப் ஒன்று குறித்த மணிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். லினக்ஸ் முதலிலிருந்து பூட் ஆகி, அளவைக் குறித்துவிட்டு, மறுபடி அணையும். பூட் ஆகச் செலவாகும் மின்சாரம் வீண்தான். 'டீப்' தெரிந்த ஃபர்ம்வேரை நானே கம்பைல் செய்து ஏற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.